ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கறித்துண்டு

ரொட்டித்தூளில் புரட்டிய கறித்துண்டின் மேலோடு மொறுமொறுப்பாவதற்கு எண்ணெயில் இரண்டரை நிமிடம் போதும். உள்ளே இருக்கும் ஆட்டுக்கறி பல்லுக்கு இதமாக வேகக் குக்கரிலேயே பதினைந்து இருபது நிமிடம் ஆகும். இந்த இரண்டையும் ஒரே எண்ணெய்ச் சட்டியில் முடித்துவிட முயலும்போதுதான் மேலே கருகி, உள்ளே ரப்பராக இழுபடும் பண்டம் கிடைக்கிறது. ஆகவே கறியை முதலில் முழுதாக வேகவைத்து, ஆறவிட்டு, ஈரம் போக்கி, அதன்பிறகே மாவும் முட்டையும் ரொட்டித்தூளும் ஏற்றிப் பொரிப்பது இங்கே சொல்லப்படும் முறை.

அமெரிக்கச் சமையல் நூல்கள் இதற்குப் பச்சைக்கறியை நேரே எண்ணெயில் போடச் சொல்லும். அங்கே கடைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு வயதையொட்டி அறுக்கப்பட்ட, தானியத் தீனியில் கொழுத்த மாட்டின் முதுகுத் தசை. அது பச்சையாகவே மெத்தென்று இருக்கும். அங்கேயும் மலிவான முரட்டுக்கறி என்றால் வழி வேறு. டெக்சாஸ் மாநிலத்தில் பேர்பெற்ற சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக் என்ற பண்டத்துக்குக் கறியைச் சுத்தியலால் அடித்து, நாரை உடைத்த பிறகுதான் மாவில் புரட்டுகிறார்கள். நம் ஊர்க் கறிக்குச் சுத்தியலைவிடக் குக்கர் நல்ல துணை.

கறியைத் தேர்ந்தெடுத்தல்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கறி என்றால் ஆட்டுக்கறிதான். மலையடிவாரத்திலும் கிழக்கே கரிசல் காட்டிலும் நாள் முழுக்க நடந்து மேய்ந்த ஆட்டின் கறி அது. நடந்த தசையில் சுவை அதிகம், நாரும் அதிகம். பட்டியில் கட்டிப்போட்டு வளர்த்த ஆட்டுக்குச் சொல்லும் நேரக்கணக்கு இதற்குப் பொருந்தாது. ஆடி மாதக் கோயில் கொடைகளில் வெட்டும் பெரிய கெடாவின் கறி இன்னும் முத்தலாக இருக்கும். பங்குக்கறியாக வீட்டுக்கு வந்தால் வேகவைக்கும் நேரத்தைக் கால் பங்கு கூட்டிக்கொள்வது நல்லது. புரட்டாசியில் பல வீடுகளில் கறி எடுப்பதில்லை. மாதம் முடிந்த முதல் ஞாயிறன்று கறிக்கடையில் நெரிசல் இருக்கும். அன்று நிதானமாகத் துண்டு பார்த்துக் கேட்டு வாங்குவது நடக்காத காரியம். வேறு ஒரு நாளை வைத்துக்கொள்ளலாம்.

கடையில் கேட்க வேண்டியது பின்னந்தொடையின் தனிக்கறி. எலும்பும் கொழுப்பும் இல்லாமல், பெரிய பாளமாக, வெட்டாமல் வாங்க வேண்டும். கடைக்காரர் வழக்கப்படி சிறு துண்டுகளாக வெட்டிவிடுவார். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முன்னங்காலில் சவ்வு அதிகம். நெஞ்சுக்கறி குழம்புக்கு அருமையானது, இதற்கு உதவாது: அதன் கொழுப்பு எண்ணெயில் உருகி மேலோட்டை உள்ளிருந்து நனைத்துவிடும். இளங்கறியின் நிறம் வெளிர்சிவப்பு, கொழுப்பு வெள்ளை. கறி கருஞ்சிவப்பாகவும் கொழுப்பு மஞ்சளாகவும் இருந்தால் ஆடு முதிர்ந்தது.

மாட்டுக்கறி எடுக்கும் வீடுகளில் இந்தப் பண்டம் இன்னும் நன்றாக வரும். தசை பெரியது, துண்டு ஒரே அளவாக அமையும். ஆனால் தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பத்து வயதைக் கடந்து, உழவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, நிரந்தரமாகச் செயலிழந்தது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்க முடியும். சந்தைக்கு வரும் கறி உழைத்து முதிர்ந்த மாட்டினுடையதாக இருப்பது இதனால்தான். வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து அதை நேரே எண்ணெயில் போடுவது வீண்வேலை. கோழிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. எலும்பில்லாத தொடைக்கறியை வேகவைக்காமலே மேலோடு ஏற்றிப் பொரிக்கலாம்.

வேகவைத்தல்

அளவு அரைக் கிலோ தனிக்கறிக்கு. வெந்து சுருங்கிய பின் மூன்றில் இரண்டு பங்கு எடைதான் மிஞ்சும். மாலைச் சிற்றுண்டியாக நான்கு பேருக்குப் போதும். கறியை ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள பெரிய கட்டிகளாக வெட்ட வேண்டும். பச்சையாகவே சிறு துண்டாக வெட்டி வேகவைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே சுருண்டு, ஓரம் பிய்ந்து, மாவு பிடிக்காத வடிவத்துக்குப் போகும். பெரிய கட்டியாக வேகவைத்து, ஆறிய பிறகு வெட்டினால் முனை நேராக நிற்கும். இந்த முறையில் மிக எளிதாகத் தவறவிடக்கூடிய படி இதுதான்.

குக்கரில் கறியுடன் இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, பொடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, சோம்புத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி சேர்த்துப் பிசிறி அரை மணி நேரம் வைக்க வேண்டும். மிளகாய்த்தூள் கடைப் பொட்டலமாக இல்லாமல், சம்பா வத்தலை வீட்டில் காயவைத்து மில்லில் அரைத்ததாக இருந்தால் நிறமும் காரமும் ஒருசேரக் கிடைக்கும். வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று மொத்த வணிகத்தில் பேர்போன விருதுநகர் பக்கத்திலேயே இருக்கும்போது இதற்குப் பஞ்சமில்லை. பட்டை, கிராம்பு வேண்டாம். எண்ணெயில் பொரியும்போது அவற்றின் வாசம் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூட வேண்டும். விசிலை எண்ணுவதைவிட நிமிடத்தை எண்ணுவது நம்பகமானது. ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு வேகத்தில் விசிலடிக்கும். முதல் விசிலுக்குப் பிறகு தீயைச் சிறிதாக்கி, இளங்கறிக்கு 15 நிமிடம், முதிர்ந்த ஆட்டுக்கு 20 முதல் 25 நிமிடம், மாட்டுக்கறிக்கு 30 நிமிடம். குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸுக்கு ஏறுவதால், திறந்த பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலை இதில் அரை மணி நேரத்துக்குள் முடிகிறது. சவ்வில் உள்ள கொலாஜன் கரைந்து பசையாக மாறும். எலும்புச்சாறு ஆறினால் உறைவதும் இதே பசையால்தான்.

பதம் பார்க்கக் கத்தி முனையால் குத்தினால் சிரமமில்லாமல் இறங்க வேண்டும்; ஆனால் விரலால் அழுத்தினால் கட்டி உடையக் கூடாது. சுக்காவுக்கு வேண்டிய பதத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துவது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். உதிரும் அளவுக்கு வெந்துவிட்டால் அதைப் பொட்டுக்கடலை மாவு சேர்த்துக் கோலா உருண்டையாகத் திருப்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

வெந்த கறியைச் சாற்றிலேயே ஆறவிட வேண்டும். சூட்டோடு வெளியே எடுத்தால் ஆவியோடு ஈரமும் போய்க் கறி வறண்டுவிடும். ஆறியதும் கட்டியை எடுத்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் கடிக்கும்போது நார் குட்டையாக அறுபடும். மீந்த சாற்றை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சி, இரண்டு மேசைக்கரண்டி அளவு வந்ததும் துண்டுகளில் ஊற்றிப் புரட்டிவிடலாம். இல்லாவிட்டால் எடுத்துவைத்து இரவு ரசத்துக்கோ சால்னாவுக்கோ சேர்க்கலாம், கொட்டிவிடக் கூடாது.

பிறகு உலர்த்துவது. துண்டுகளை ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் 15 நிமிடம், அதன்பின் குளிர்பெட்டியில் மூடாமல் அரை மணி நேரம் வைக்க வேண்டும். தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும், ஈரம் படக் கூடாது. ஈரத்தோடு மாவில் புரட்டினால் மாவு கூழாகி, எண்ணெயில் மேலோடு தோலாக உரிந்து வரும். சித்திரை வெயிலில் வெந்த கறியை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைப்பது ஆபத்து. அந்த வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

ஈரம் போக்குவதில் இந்த வட்டாரத்துக்குப் பழைய தேர்ச்சி உண்டு. கறியை உப்பும் மஞ்சளும் வத்தலும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைத்து, பின் எண்ணெயில் பொரிக்கும் உப்புக்கண்டம் தென்மாவட்ட வீடுகளில் பரம்பரைப் பண்டம். அதில் கறியே மொறுமொறுப்பாகும். இங்கே அந்த வேலையை ரொட்டித்தூளிடம் விட்டுவிட்டு, கறியை மெத்தென்று வைத்துக்கொள்கிறோம்.

ரொட்டித்தூள்

ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது ஐரோப்பியச் சமையல்வழி. வியன்னாவிலும் மிலானிலும் கன்றுக்கறியைத் தட்டி இப்படிச் செய்கிறார்கள். நம்மிடம் அது கட்லெட்டாக வந்தது. ஆங்கிலேயர் வீட்டுச் சமையற்கட்டுகளும் ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளும் அதைப் பரப்பின. யாழ்ப்பாணத்தில் மட்டன் ரோல்ஸும் கட்லிஸும் இதே வழியில் ஊன்றி, இன்று டொரன்டோ, லண்டன் வரை தமிழர் கடைகளில் விற்கின்றன. கட்லெட், ரோல்ஸ், கட்லிஸ் மூன்றிலும் உள்ளே வெந்த கறி, மேலே தூள் என்பதைக் கவனிக்கலாம்.

கடையில் எளிதில் கிடைப்பது ரஸ்க் தூள். ஆனால் நம் பேக்கரி ரஸ்க் இனிப்பானது. சில இடங்களில் ஏலக்காயும் உண்டு. சர்க்கரை எண்ணெயில் சீக்கிரம் கருகும், ஏலக்காய் வாசம் கறிக்கு ஒவ்வாது. அதைவிடச் சால்ட் பிரெட் என்று கேட்டு வாங்கி வீட்டிலேயே தூளாக்குவது மேல். ஸ்வீட் பிரெட் வேண்டாம். துண்டுகளைப் பிய்த்துத் தாம்பாளத்தில் பரப்பி, மெல்லிய துணி மூடி மொட்டை மாடியில் வைத்தால், மார்கழியிலிருந்து ஆவணி வரை ஒரே நாள் வெயிலில் கையில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். மேற்கே மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்வதால் ஆனி ஆடியிலும் இங்கே காற்று வறட்சிதான். ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் இது பலிக்காது. தோசைக்கல்லில் மெல்லிய தீயில் புரட்டிக் காயவைக்கலாம். 400 கிராம் ரொட்டியில் சுமார் 250 கிராம் தூள் கிடைக்கும். மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று சுற்று விட்டால் போதும். மாவாக அரைத்தால் மேலோடு பலகையாக இறுகும். ரவையைவிடச் சற்றுப் பெரிய, ஒழுங்கற்ற துணுக்குகள்தான் மொறுமொறுப்பைத் தருகின்றன. ஜப்பானியப் பாங்கோ தூளின் பெருமையும் அந்தத் துணுக்கின் வடிவில்தான் இருக்கிறது. பெரிய அங்காடிகளில் கிடைக்கும் அதை இதற்காகத் தேடிப் போக வேண்டியதில்லை.

தூளுக்கு மாற்றாக வறுக்காத மெல்லிய சேமியாவைக் கையால் நொறுக்கிப் பயன்படுத்தலாம். மேலோடு முள்முள்ளாக எழும், பார்வைக்கு அழகு, கடிக்கச் சற்று முரடு. வறுத்த சேமியா கருகிவிடும். சாத்தூர்க் காராச்சேவைப் பொடித்துப் புரட்டினால் என்ன என்று ஆசை வருவது இயல்பு. ஆனால் அது ஏற்கெனவே எண்ணெயில் வெந்தது. மறுபடி போட்டால் கறி சூடாவதற்குள் கறுத்து, எண்ணெயையும் குடித்துக்கொள்ளும். சேவைத் தனியே கொறிப்பதே நல்லது.

மேலோடு ஏற்றுதல்

மூன்று தட்டு வேண்டும். முதலில் மைதா நான்கு மேசைக்கரண்டி, அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி, உப்பும் மிளகும் சிட்டிகை. இரண்டாவதில் இரண்டு முட்டையை ஒரு மேசைக்கரண்டி தண்ணீர்விட்டு நுரை எழாமல் அடித்தது. மூன்றாவதில் ரொட்டித்தூள் ஒன்றரைக் கோப்பை. மாவு கறியின் மிச்ச ஈரத்தை உறிஞ்சி முட்டைக்குப் பிடிமானம் தரும். முட்டை சூட்டில் இறுகித் தூளைப் பிடித்துக்கொள்ளும். முட்டை சேர்க்காதவர்கள் சோளமாவைத் தண்ணீரில் மோர்ப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளலாம். மொறுமொறுப்பு குறையாது, பிடிமானம் சற்றுக் குறையும்.

இடக்கை ஈரத்துக்கு, வலக்கை தூளுக்கு என்று பிரித்துக்கொண்டால் விரல்களில் மாவு கட்டிகட்டியாகச் சேராது. மாவில் புரட்டியதும் துண்டைத் தட்டி அதிகப்படி மாவை உதிர்த்துவிட வேண்டும். முட்டையில் முக்கி ஒரு நொடி வடியவிட்டு, தூளில் போட்டு, மேலும் தூளை அள்ளிப் போட்டு மெதுவாக அழுத்த வேண்டும். தடித்த மேலோடு வேண்டுமானால் முட்டையும் தூளும் இன்னொரு முறை. மாவு இரண்டாம் முறை கூடாது. எல்லாம் முடிந்ததும் தட்டோடு குளிர்பெட்டியில் 20 நிமிடம் வைத்தால் மாவும் தூளும் ஈரம் குடித்து ஒன்றோடொன்று இறுகும். நேரமில்லை என்று இதை விட்டுவிட்டால் பாதித் தூள் எண்ணெயின் அடியில் கிடந்து கருகும்.

பொரித்தல்

வாசனைக்குக் கடலை எண்ணெய். மரச்செக்கு எண்ணெய் சமையலுக்கு நல்லதென்றாலும் அடியில் வண்டல் இருப்பதால் சீக்கிரம் புகைந்துவிடும். ஆழப் பொரிக்கச் சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ நிம்மதி. நல்லெண்ணெயின் மணம் இந்தப் பண்டத்துக்குத் தூக்கல். அகலமான சட்டியைவிட ஆழமான இருப்புச்சட்டியில் முக்கால் லிட்டர் போதும். எண்ணெய் பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது.

சூடு 170 முதல் 180 டிகிரி. வெப்பமானி இல்லாத வீட்டில் ரொட்டித்தூள் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்க வேண்டும். அடியில் தங்கினால் சூடு பற்றாது. போட்டவுடன் கறுத்தால் மிஞ்சிவிட்டது. உடனே மேலெழுந்து, சுற்றிலும் சிறு குமிழி விட்டு, அரை நிமிடத்தில் பொன்னிறமானால் சரியான சூடு. ஓர் ஈட்டுக்கு எட்டுத் துண்டுக்கு மேல் போடக் கூடாது. குளிர்ந்த துண்டுகள் கூட்டமாக விழுந்தால் எண்ணெய் சட்டென்று ஆறிவிடும். ஆறிய எண்ணெயில் கறியிலிருந்து நீராவி வலுவாக வெளியேறாது, எண்ணெய் தூளுக்குள் ஊறிவிடும். பலகாரம் எண்ணெய் குடித்துவிட்டது என்று வீட்டில் சொல்வது இதைத்தான்.

போட்ட முதல் அரை நிமிடம் கரண்டி படக் கூடாது. மேலோடு இறுகியதும் மெதுவாகத் திருப்பிவிட்டு, மொத்தம் இரண்டு முதல் இரண்டரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். கறி முன்பே வெந்ததால் உள்ளே சூடேறினால் போதும். குமிழியின் இரைச்சல் தணிவதும் ஓர் அடையாளம். நினைக்கும் நிறத்துக்கு ஒரு படி முன்பே எடுக்க வேண்டும். வெளியே வந்த பிறகும் நிறம் ஏறும். ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் உதிர்ந்த தூளைக் கண்கரண்டியால் அள்ளிவிட வேண்டும், இல்லையேல் அடுத்த ஈட்டில் கரும்புள்ளி விழும்.

எடுத்ததை ஜல்லித்தட்டிலோ சல்லடையிலோ வைப்பது நல்லது. தாளில் குவித்தால் அடியில் ஆவி தேங்கி நமத்துப்போகும். செய்தித்தாள் அறவே வேண்டாம். அச்சுமை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலேயே எச்சரித்திருக்கிறது. எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எரிவாயுவை அணைத்து, தட்டால் சட்டியை மூடி, ஆறும்வரை அசைக்காமல் விட வேண்டும்.

மீந்த எண்ணெயை ஆறவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிப்புக்குத் தீர்த்துவிடலாம். கறுத்தோ, நுரைத்தோ, பிசுபிசுத்தோ போனதைத் திரும்பக் காய்ச்சக் கூடாது. கடைகளில் எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. வீட்டில் அதை அளக்க முடியாது, நிறமும் வாசமும்தான் அளவுகோல்.

வேகவைக்காமல் பொரிக்கும் வழி

மிக இளங்கறி கிடைத்தால், குறிப்பாக முதுகெலும்பின் உட்புறம் ஒட்டிய நீளத் தசை கிடைத்தால், குக்கரைத் தவிர்க்கலாம். அரை சென்டிமீட்டர் கனத்தில் நாருக்குக் குறுக்கே வெட்டி, அம்மிக்குழவியால் லேசாகத் தட்ட வேண்டும். அரைக் கிலோவுக்குத் தோலோடு அரைத்த பப்பாளிக்காய் ஒரு மேசைக்கரண்டி, கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டி, மசாலா. 2019-இல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல பாலுக்கும் தயிருக்கும் அலைய வேண்டியதில்லை. ஊறுவது 45 நிமிடம், அதற்கு மேல் கூடாது; பப்பாளியின் பப்பைன் நொதி கறியின் மேற்புறத்தைக் களியாக்கிவிடும். துடைத்து உலர்த்தி, மேலே சொன்னபடி மேலோடு ஏற்றி, 165 டிகிரியில் மூன்று முதல் நான்கு நிமிடம். முத்தல் கறியிலும் மாட்டுக்கறியிலும் இது பலிக்காது.

பரிமாறுவதும் வைத்திருப்பதும்

பொரித்த பத்து நிமிடத்துக்குள் தின்பது சிறப்பு. தக்காளி சாஸைவிட, வட்டமாக நறுக்கிய சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் பொருத்தம். ராஜபாளையத்துக்குத் தெற்கே உள்ள புளியங்குடி எலுமிச்சைக்கே பேர்போன ஊர். மாங்காய்க் காலத்தில் மலையடிவாரத் தோப்புக் காயைத் துருவி, பச்சைமிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்த துவையல் கறியின் கொழுப்பை வெட்டும். ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவோடு சேர்த்தால் தட்டில் இரண்டு பொரித்த பண்டங்கள் ஆகிவிடும். அதற்குச் சால்னாவே போதும். சால்னாவை மேலே ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும்.

மேலோடு ஏற்றிய துண்டுகளைப் பொரிக்காமல் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் கட்டினால் ஒரு மாதம் தாங்கும். உறைந்ததை இளகவிடாமல் 160 டிகிரி எண்ணெயில் நான்கு நிமிடம் பொரிக்க வேண்டும். இளகவிட்டால் தூள் நனைந்து கழன்றுவிடும். பொரித்து மீந்ததை மைக்ரோவேவில் வைத்தால் நமத்துவிடும். காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், மெல்லிய தீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் மொறுமொறுப்பு பெருமளவு திரும்பும்.